மஞ்சள் மாத்திரை போட்டுக்கொண்டு தின்னரில் வேலை பார்க்கலாமா?

கடிதத்தின் சாரம்: வாசகருக்கு வயது 38. தோல் பைகள் செய்யும் பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக ஒட்டும் பிரிவில் வேலை. ரப்பர் பசையும் தின்னரும் நாள் முழுக்கக் கையில். அறைக்கு ஒரே ஜன்னல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெள்ளணு 5,900, தட்டணு 2,40,000 இருந்தன. சென்ற மாதம் வெள்ளணு 3,300 (நியூட்ரோபில் 1,450, லிம்போசைட் 1,250), தட்டணு 1,32,000, ஹீமோகுளோபின் 12.1, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 102. வேலையை மாற்றிக்கொள்ளும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். இவரோ, மஞ்சளும் பூண்டும் வைட்டமின்களும் ரத்தத்தை ரசாயன நச்சிலிருந்து காக்கும் என்று எலி ஆய்வுகளில் படித்துவிட்டு, மிளகுச் சாரம் சேர்ந்த மஞ்சள் மாத்திரை 500 மி.கி. மூன்று வேளை, பூண்டு எண்ணெய் கேப்சூல் இரண்டு, வைட்டமின் சி 2,000 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யூ., ஃபோலிக் அமிலம் 5 மி.கி., பயோட்டின் கலந்த பி காம்ப்ளெக்ஸ் என்று தாமாகவே தொடங்கிவிட்டார். வலிப்புக்கு ஐந்தாண்டுகளாக ஃபெனிடோயின் 300 மி.கி. எடுக்கிறார். இவை போதுமா, வேலையைத் தொடரலாமா, அடுத்த பரிசோதனையை ஆறு மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள். மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. வேலை உடையை அவர்தான் துவைக்கிறார் என்ற கவலையும் உண்டு.

அன்புள்ள வாசகருக்கு,

மூன்று கேள்விகளுக்கும் பதில் ‘இல்லை’தான். மாத்திரைகள் போதாது, இப்போதிருக்கும் நிலையில் அந்த அறையில் தொடரக்கூடாது, மறுபரிசோதனை இரண்டு வாரத்துக்குள் நடக்க வேண்டும். வெள்ளணு, தட்டணு, சிவப்பணு மூன்றுமே குறைந்திருக்கின்றன. தட்டணு உங்களுடைய பழைய அளவில் ஏறக்குறைய பாதிக்கு வந்துவிட்டது. 1,32,000 என்பது தனியாகப் பார்த்தால் பயமுறுத்தும் எண் அல்ல. ஆனால் தின்னரிலும் பசையிலும் கலந்திருக்கக்கூடிய பென்சீன் என்ற ரசாயனத்தோடு தொடர்புள்ளவர்களிடம் தட்டணு முந்தைய அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே மறுபடி பார்ப்பது வழக்கம். பழைய அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்தீர்களே, அதுதான் இப்போது நம் கையில் இருக்கும் மிக நல்ல சான்று.

நீங்கள் படித்த ஆய்வுகள்

அவை பொய்யல்ல. ஃபீனைல்ஹைட்ரசீன், ஈயம், பென்சீன் போன்றவற்றை எலிக்குக் கொடுத்தால் ரத்த அணுக்கள் குறைகின்றன. கூடவே மஞ்சளின் குர்குமினோ வைட்டமின் சி, ஈயோ கொடுத்தால் அந்தக் குறைவு மட்டுப்படுகிறது. இப்படிப் பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. இவற்றைப் படிக்கும்போது முடிவை விட்டுவிட்டு, செய்முறைப் பகுதியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் காப்புப் பொருளை நச்சுக்கு முன்போ நச்சோடு சேர்த்தோதான் கொடுத்திருப்பார்கள். காலம் சில வாரங்கள். எலிகள் ஒரே வயது, ஒரே இனம், ஒரே தீவனம். உங்களுக்கோ நச்சு ஒன்பது ஆண்டுகள் முந்திக்கொண்டது.

அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிக்குக் கிலோவுக்கு 200 மி.கி. குர்குமின் என்றால், உடற்பரப்பை வைத்து மனிதனுக்கு மாற்ற 6-ஆல் பெருக்கி 37-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 32 மி.கி. வருகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 2,100 மி.கி. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். ஆக, அந்த அளவை எட்டத் தினமும் 70 கிராம் தூள் தேவை. சமையலில் சேரும் மஞ்சளுக்கும் இந்த ஆய்வுகளுக்கும் சம்பந்தமே இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. செறிவூட்டிய மாத்திரையால் நீங்கள் அந்த அளவுக்கு ஓரளவு பக்கத்தில் வந்திருக்கலாம். ஆனால் விழுங்கிய குர்குமின் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறும். அதற்காகத்தான் மிளகின் பிப்பெரினைச் சேர்க்கிறார்கள். உங்கள் விஷயத்தில் வம்பு அங்கேதான் தொடங்குகிறது, பின்னால் சொல்கிறேன்.

பென்சீன் எப்படி வேலை செய்கிறது

தின்னரில் பெரும்பகுதி டொலுவீனாக இருக்கலாம். டொலுவீன் நரம்புகளைப் பாதிக்கும். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை இப்படி ஒடுக்குவதில்லை. ஆனால் தரம் குறைந்த தின்னரிலும் பசையிலும் பென்சீன் கலப்பாகச் சேர்ந்து வரும். மூச்சு வழியே உள்ளே போகும் பென்சீனைக் கல்லீரலில் உள்ள சிஒய்பி2இ1 என்ற நொதி ஃபீனால், ஹைட்ரோகுயினோன் போன்றவையாக மாற்றுகிறது. இவை எலும்பு மஜ்ஜைக்குப் போய், அங்குள்ள மைலோபெராக்சிடேஸ் நொதியால் பென்சோகுயினோன் ஆகின்றன. ரத்தத்தின் மூல அணுக்களில் உள்ள புரதங்களோடு இது ஒட்டிக்கொள்கிறது, குரோமோசோம்கள் உடைகின்றன. மஞ்சளும் வைட்டமின் சி, ஈயும் சேர்ந்த ஆன்டிஆக்ஸிடன்ட் வகை, சுற்றித் திரிந்து அணுக்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை ஓரளவு அடக்கும், அவ்வளவுதான். உடைந்த குரோமோசோமை வைட்டமின் ஒட்டவைக்காது. முதலில் அணுக்கள் குறையும். தொடர்ந்தால் மஜ்ஜை வறண்டுபோகலாம். சிலருக்கு ஆண்டுகள் கழித்து ரத்தப் புற்றுநோய் வரலாம்.

பூண்டில் ஒரு சுவையான செய்தி உண்டு. அதன் கந்தகச் சேர்மங்கள் இதே சிஒய்பி2இ1 நொதியைக் கொஞ்சம் மந்தப்படுத்துகின்றன. ‘அப்படியானால் பென்சீன் நச்சாக மாறுவது குறையுமே’ என்று கேட்பீர்கள். தாளில் சரியாகத்தான் வருகிறது. ஆனால் பூண்டு எண்ணெய் சாப்பிட்ட தொழிலாளர்களின் மஜ்ஜை காப்பாற்றப்பட்டது என்று காட்டும் மனித ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் உங்களை அந்த அறைக்குத் திருப்பி அனுப்ப முடியாது. தொடர்ந்து மது அருந்தினால் அதே நொதி கூடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழக்கம் இருந்தால், பூண்டு கேப்சூலைவிட மதுவை நிறுத்துவதற்குத்தான் அர்த்தம் அதிகம். புகைத்தால் அதையும் விடுங்கள்; சிகரெட் புகையிலேயே பென்சீன் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுகிறவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நொதிகளின் வேகம் ஆளுக்கு ஆள் பிறவியிலேயே மாறும். அவருடைய ரத்தத்தையும் பார்த்தபிறகே ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல முடியும்.

வைட்டமின் மருந்தாகும் இடங்கள்

ரத்தத்தைத் தாக்கும் நச்சுகளில் சிலவற்றுக்கு வைட்டமின் உண்மையிலேயே மாற்று மருந்து. எலி மருந்தோ வார்ஃபாரினோ ரத்தம் உறைவதைக் கெடுத்தால் வைட்டமின் கே1. சயனைடுக்கு பி12-இன் ஒரு வடிவமான ஹைட்ராக்சோகோபாலமின் 5 கிராம், நரம்பு வழியாக. புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மஜ்ஜையை ஒடுக்கினால் ஃபோலினிக் அமிலம். ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தால் வரும் ஒருவகை ரத்தசோகைக்கு பி6. அனிலின், நைட்ரோபென்சீன் போன்றவற்றால் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக மாறி உடல் நீலம்பாரித்தால் முதல் மருந்து மெத்திலீன் ப்ளூ; அது கொடுக்க முடியாதபோது வைட்டமின் சி ஊசி. ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட நச்சு கெடுத்த குறிப்பிட்ட வினையைக் குறிப்பிட்ட வைட்டமின் சரிசெய்கிறது. பென்சீனுக்கு அப்படி ஒரு ஜோடி இல்லை. மாற்று மருந்தே கிடையாது; விலகுவது ஒன்றே வழி.

‘பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்ற வாதத்துக்கு, தொழிலாளர்களை வைத்தே நடந்த ஒரு சோதனை பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் புகைப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை பார்த்தவர்கள் என 18,314 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவினருக்குத் தினமும் பீட்டா கரோட்டின் 30 மி.கி.யும் வைட்டமின் ஏ 25,000 யூனிட்டும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அது 28 சதவீதம் அதிகமாக வந்தது. 1996-இல் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

உங்கள் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

மஞ்சள் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள பிப்பெரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. ஃபெனிடோயின் அளவு ரத்தத்தில் உயரும். தலைசுற்றல், நடை தள்ளாட்டம், கண்விழி தானாகத் துடிப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். அண்மையில் இப்படி ஏதாவது இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தின்னர் மயக்கம் என்று நினைத்து விட்டிருக்கலாம். ஃபீனாலையும் ஹைட்ரோகுயினோனையும் உடல் வெளியேற்றும் வழிகளில் ஒன்றான குளுக்குரோனைடு இணைப்பையும் பிப்பெரின் தடுக்கக்கூடியது. ஆக, பென்சீன் கழிவை வெளியே தள்ளும் பாதையையே நீங்கள் அடைத்துக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. இது கோட்பாட்டளவில்தான், ஆனாலும் நிறுத்த இதுவும் ஒரு காரணம். கல்லீரல் பாதிப்பும் உண்டு. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட பத்துப் பேரைப் பற்றி 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள், ஒருவர் இறந்துவிட்டார். அந்தப் பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. சமையல் மஞ்சளுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள் சில நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஈயமும் ரத்தத்தைக் கெடுக்கும் பொருள்தான். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக உதிரியாக விற்கும் தூளைத் தவிர்த்து, முழு மஞ்சளை வாங்கி அரைப்பது மேல்.

ஃபோலிக் அமிலம் 5 மி.கி. விஷயம் சிக்கலானது. அது ஃபெனிடோயின் அளவைக் குறைக்கும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம். ஒரு மாத்திரை ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது; மொத்தத்தில் எங்கே நிற்கிறது என்பது ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவு பார்த்தால்தான் தெரியும். பி12 குறைவு இருந்தால் ஃபோலிக் அமிலம் ரத்தசோகையைச் சரிசெய்வதுபோல் காட்டிவிட்டு, நரம்புப் பாதிப்பை உள்ளே வளரவிடும். அதனால் இதை நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். முதலில் பி12, ஃபோலேட், ஃபெனிடோயின் மூன்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு, வலிப்புக்குப் பார்க்கும் மருத்துவரைக் கேளுங்கள். ஃபெனிடோயினை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சட்டென்று விட்டுவிடாதீர்கள்.

வைட்டமின் சி-யைத் தினம் 200 முதல் 400 மி.கி. எடுத்தாலே ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய நிரம்பிவிடும். 2,000-இல் மிச்சம் சிறுநீரில் போகிறது. சிலருக்குச் சிறுநீரகக் கல்லாகிறது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதியில் குறைபாடு இருந்தால், மிகப் பெரிய அளவுகள், குறிப்பாக ஊசி வழியாகச் செலுத்துபவை, சிவப்பணுக்களையே உடைக்கும். காக்க வந்தது கெடுப்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது. பழமும் காய்கறியும் சாப்பிடுகிறவருக்கு இந்த மாத்திரை வேண்டாம். வைட்டமின் ஈ 400 ஐ.யூ.வும் பூண்டு எண்ணெய் கேப்சூலும் தட்டணுக்கள் ஒட்டும் தன்மையைக் குறைக்கக்கூடியவை. தட்டணு இறங்கிக்கொண்டிருக்கும்போது இரண்டும் சேர்வது சரியல்ல; நிறுத்திவிடுங்கள்.

பயோட்டின் கெடுதல் செய்யாது, பரிசோதனையைக் குழப்பும். தைராய்டு அளவுகளைப் பொய்யாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

என்னென்ன பரிசோதனைகள்

உங்கள் எம்சிவி 102 என்பது சிவப்பணுக்கள் பெருத்திருக்கின்றன என்று சொல்கிறது. பென்சீனும் அப்படிச் செய்யும்; ஃபெனிடோயினும் செய்யும்; மது, பி12 குறைவு, தைராய்டு குறைவும் செய்யும். அணுக்கள் குறைவதற்கும் ஃபெனிடோயின் சில சமயம் காரணமாகும். ஆகவே ‘எல்லாம் தின்னரால்தான்’ என்று நீங்கள் முடிவுகட்டியதிலும் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை: வெள்ளணு வகைகளின் எண்ணிக்கையோடு முழு ரத்தப் பரிசோதனை, ரத்தப் பூச்சு (கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவிப் பார்ப்பது), ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு), பி12, ஃபோலேட், டிஎஸ்எச் (தைராய்டுக்கு), கல்லீரல் பரிசோதனை, எல்டிஎச் (அணுக்கள் சிதைவதைக் காட்டும் நொதி), ஜி6பிடி, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, ஃபெனிடோயின் அளவு. ரத்தப் பூச்சை இயந்திரம் பார்த்தால் போதாது. நோயியல் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். மறுபரிசோதனையிலும் இரண்டு வகை அணுக்களாவது குறைந்தே இருந்தால், ரத்தவியல் மருத்துவர் மஜ்ஜைப் பரிசோதனை சொல்வார், தயங்க வேண்டாம்.

பென்சீன் உடலில் போனதா என்று பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. எஸ்-ஃபீனைல்மெர்காப்டியூரிக் அமிலம் நம்பகமானது. மியூகோனிக் அமிலப் பரிசோதனையும் செய்வார்கள், ஆனால் உணவைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் சோர்பேட் அதைப் பொய்யாக உயர்த்தும். மாதிரி எடுக்கும் நேரம்தான் முக்கியம்: வேலை முடியும் நேரத்தில், முடிந்தால் வாரக் கடைசியில். இந்தக் கழிவுகள் சில மணி நேரங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஒரு வாரம் விடுப்பில் இருந்துவிட்டுக் கொடுத்தால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் வரும். அதை நற்சான்றிதழாக யாராவது உங்களிடம் நீட்டினால் ஏற்காதீர்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு பசை டின்னுக்கும் தின்னருக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. பல நாடுகளின் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதன் மூன்றாம் பகுதியில் சேர்மானங்கள் இருக்கும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான சிஏஎஸ் எண் 71-43-2 இருந்தால் அது பென்சீன். 108-88-3 டொலுவீன். பென்சீன் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தாளில் காட்டாமலும் விடலாம். டின்னில் லேபிளே இல்லை என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள்.

மூக்கை நம்பாதீர்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதி 1987 முதல் எட்டு மணி நேரச் சராசரிக்கு 1 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று வரம்பு வைத்திருக்கிறது. பென்சீன் மணம் பெரும்பாலும் அதற்கு மேல் போனபிறகுதான் தெரியும். அந்த 1 பிபிஎம்முக்குக் கீழேயும் ரத்த அணுக்கள் குறைந்திருந்ததை, சீனாவில் காலணித் தொழிற்சாலைப் பணியாளர்களிடம் செய்த ஆய்வு 2004-இல் காட்டியது. வேலை உங்களுடையதைப் போன்றதே.

துணி முகமூடியும் தூசிக்கான என்95-உம் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கென்றே உள்ள கார்ட்ரிட்ஜ் வைத்த முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது. கார்ட்ரிட்ஜைத் திறந்த மேஜையில் விட்டுவைத்தால், நீங்கள் வீட்டில் தூங்கும்போதும் அது ஆவியை உறிஞ்சித் தீர்ந்துபோகும். காற்றுப் புகாத பையில் வையுங்கள், கால அட்டவணைப்படி மாற்றுங்கள். ஆனால் உங்கள் சக ஊழியர்களைக் காக்கும் வழிகளின் வரிசையில் முகக்கவசம் கடைசி. முதலில் பென்சீன் இல்லாத பசை, அடுத்தது மேஜையோரத்திலேயே ஆவியை இழுக்கும் உறிஞ்சு குழாய். கூரை மின்விசிறி ஆவியை அறை முழுக்கப் பரப்பிவிடும்.

உங்களுக்கு இப்போது தேவை, ‘கரைப்பான் தொடர்பில்லாத வேலை, மறுபரிசோதனை முடிவு வரும் வரை’ என்று மருத்துவர் எழுதித் தரும் சான்று. தைக்கும் பிரிவு, பொதி கட்டும் பிரிவு எதுவானாலும் சரி, ஒட்டும் அறையோடு காற்று பகிராத இடமாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு ராஜினாமா எழுதிவிடாதீர்கள். ரத்த அறிக்கைகள், தரவுத் தாள், டின் லேபிளின் படம், சான்றின் நகல் எல்லாவற்றையும் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். பின்விளைவு ஆண்டுகள் கழித்து வரக்கூடியது என்பதால் இழப்பீடு கேட்க இவை வேண்டியிருக்கும். விலகியபின் பலருக்கு அணுக்கள் மாதக்கணக்கில் மெல்ல ஏறும். ஏறிவிட்டாலும் ஆண்டுதோறும் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வாயில் ஆறாத புண், ஈறில் ரத்தம், கணுக்காலில் ஊசி குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள், கறுத்த மலம், படியேறினால் மூச்சிரைப்பு. இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய், ‘எனக்கு வெள்ளணு குறைவு, கரைப்பானில் வேலை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காய்ச்சலுக்கோ வலிக்கோ ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எடுக்காதீர்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி: துணியில் ஒட்டிய ஆவி பெரும்பாலும் காற்றிலேயே போய்விடும், இதுவரை துவைத்ததை நினைத்து அவர் பயப்பட வேண்டாம். இனி வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றுங்கள். வீட்டுக்கு வந்தே ஆக வேண்டுமென்றால் கட்டிய பையில் கொண்டுவந்து, வெளியே உலர்த்திவிட்டு, தனியாக நீங்களே துவையுங்கள். கையில் ஒட்டிய பசையைத் தின்னர் போட்டுத் துடைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தோல் வழியாகவும் பென்சீன் உள்ளே போகும். சமையல் எண்ணெய் தடவித் தேய்த்தால் பசை இளகும், பிறகு சோப்பு போடலாம். மெல்லிய நைட்ரைல் கையுறையும் பென்சீனை அதிக நேரம் தாங்காது. நனைந்ததும் கழற்றி எறிய வேண்டும்.